பெரிய அடுக்கு

அன்று காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பஞ்சநாதன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி இந்த வீட்டில் எல்லாம் திட்ட வடிவத்தில்தான் இருக்கும்.

பெரிய முடிவுகளை அவர் பல் விளக்கும்போதுதான் எடுப்பார். வாய் நிறைய நுரை இருக்கும் வரை முடிவு பத்திரமாக இருக்கும். வாய் கொப்பளித்து வெளியே சொன்ன பிறகுதான் அதற்குக் கேடு வரும்.

பஞ்சநாதன் காரைக்காலில் கணக்கு வாத்தியார். கோவில்பத்தில் சொந்த வீடு. ஒரே மகள் பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வீட்டில் அவர் சொல்படி நடப்பது சைக்கிள் ஒன்றுதான், அதுவும் இறக்கத்தில். கோவில்பத்திலிருந்து கடற்கரை வரை சல்லடை போட்டுத் தேடினாலும் காரைக்காலில் ஓர் இறக்கம் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

ஆனால் கனவு காண்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கரும்பலகையில் பாதிக் கணக்கில் கை நின்றுவிடும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் போய்க்கொண்டிருக்கும். மேகம் முழுசாகப் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பி, 'ஆகவே' என்று எழுதுவார். பையன்களும் அதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பார்கள்.

அப்படிப்பட்டவர் கையில் எண்பத்தாறாம் வருஷக் கோடை விடுமுறையில் ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. குரங்கு கையில் பூமாலை என்று சொல்லக் கூடாது. வாத்தியார் அவர், மரியாதை வேண்டும்.

கம்ப்யூட்டர் பள்ளிக்கூடத்துடையது. டெல்லியிலிருந்து வந்தது. வந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக் கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் திருஞானசம்பந்தம் பஞ்சநாதனைக் கூப்பிட்டு, "சார், தூசியா கொட்டுது. ஸ்கூல் திறக்கிற வரைக்கும் இது உங்க வீட்டுல இருக்கட்டும். பெத்த புள்ள மாதிரி பாத்துக்குங்க" என்று சொல்லி ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பிவிட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார். விடுமுறை முடிந்ததும் கம்ப்யூட்டருக்கென்று தனி அறை வரப்போகிறது. அறையில் ஏ.சி. பொறுப்பாசிரியர் ஒருவரைப் போட்டு அறைச் சாவியை அவரிடம் கொடுக்க வேண்டும். "பிசிக்ஸ் இளையபெருமாளும் கேட்டுருக்காரு. பாப்போம்" என்றார்.

அந்தச் சாவி பஞ்சநாதன் நெஞ்சுக்குள் போய்த் தொங்கிவிட்டது. குளிர்ந்த ஓர் அறை. கதவைச் சாத்தினால் சத்தம் கிடையாது. உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்கவில்லை என்று இரண்டாம் முறை ரசம் கேட்பார், அது வேறு.

கம்ப்யூட்டரை வேலை செய்ய வைக்க மூன்று பொருள் வேண்டும். கம்ப்யூட்டர், ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு டிவி. டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால் அதிலுள்ள புரோகிராம் கம்ப்யூட்டருக்குள் இறங்கும். விடை டிவியில் தெரியும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த கேசட்டில் வாய்ப்பாடுதான் இருந்தது. பாரிஸில் இருக்கும் மைத்துனர் பாலகுரு வேறொரு கேசட் அனுப்பினார். அதுதான் அற்புதம். அது எண்ணை மட்டுமல்ல, எழுத்தையும் கணக்குப் போடும். தாறுமாறாகக் கிடக்கும் ஒரு பல்லுறுப்புக் கோவையைத் தட்டினால் போதும்.

5 + 2x³ − x + 7x²

இப்படிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டம் கண்ணைச் சிமிட்டும். பிறகு இருட்டிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்து நிற்கும்.

2x³ + 7x² − x + 5

பெரிய அடுக்கு முன்னால். அதற்குச் சின்னது பின்னால். எக்ஸே இல்லாத வெறும் எண் கடைசியில். இதற்குத்தான் திட்ட வடிவம் என்று பெயர். பஞ்சநாதன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். படிக்கட்டில் யாரோ மெதுவாக இறங்கிப் போவதுபோல இருக்கும். தள்ளுமுள்ளு இல்லை, சண்டை இல்லை. அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்த டிவியும் பாலகுரு அனுப்பியதுதான். தங்கைக்கு அனுப்பியது. தங்கை பெயர் பங்கஜவல்லி. பஞ்சநாதனின் மனைவி.

"என்னாங்க, இன்னும் எவ்ளோ நேரம்?"

"இதோ. இன்னும் ஒரே ஒரு கோவை."

"கோவைக்காய் பொரியல் பண்ணியே அரை மணி ஆச்சு. சிலோன் டிவியில செய்தி முடிஞ்சு பாட்டு போட்டுருப்பான்."

"பாட்டு நாளைக்கும் போடுவான்."

"உங்க எக்ஸ் நாளைக்கு எங்கயாச்சும் ஓடிப் போயிடுமா?"

கேசட் ஓடும்போது அது கீ... க்ர்ர்ர்... என்று ஊரைக் கூட்டும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பத்ருன்னிசா எட்டிப் பார்ப்பார். பங்கஜவல்லிக்கு உயிர்த் தோழி.

"யா அல்லா! பங்கஜம், உங்க வூட்டுல பூனை எதுலயும் மாட்டிக்கிச்சா?"

"இல்லக்கா. அவங்க கணக்குப் போடுறாங்க."

"கணக்குக்கா இம்புட்டு வலி?"

திட்ட வடிவ முடிவை வாய் கொப்பளித்துவிட்டு வந்து அன்று காலையே மனைவியிடம் சொல்லிவிட்டார். பங்கஜவல்லி காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"பங்கஜம், வீடுன்னா ஒரு வரிசை வேணும். பெரிய அடுக்கு முன்னால வரணும்."

"விருந்துக்குச் சமைக்கிற பெரிய அடுக்கு பரண் மேல இருக்குங்க. யாரு வர்றாங்க?"

"நான் சொல்ற அடுக்கு வேற. எக்ஸ் தலைக்கு மேல மூணுன்னு சின்னதா ஒரு எண் போடுவோமே, அது அடுக்கு. அடுக்கு எவ்வளவு பெரிசோ அவ்வளவு மதிப்பு. எழுத்து ஒண்ணா இருந்தாலும் அடுக்கு வேறயா இருந்தா கூட்டக் கூடாது. எக்ஸ் பெரிசாக ஆக, பெரிய அடுக்கு மத்த எல்லாரையும் தூக்கி முழுங்கிடும்."

"சரி. கடைசியில ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குமே, அஞ்சுன்னு?"

"அது மாறிலி. அதுகிட்ட எக்ஸே கிடையாது. எக்ஸ் ஏறினாலும் இறங்கினாலும் அதுபாட்டுக்கு நிக்கும். பாவம்."

"யாரையும் நம்பி நிக்காட்டிப் பாவமா?" என்றாள் பங்கஜவல்லி. "எக்ஸ் பெரிசானா பெரிய அடுக்கு முழுங்கும். சரி. சின்னதானா?"

பஞ்சநாதன் காதில் அது விழவில்லை. காபி ஆவி சுருண்டு சுருண்டு மேலே போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது கனத்தில் தொடங்கி, இருமடியாகி, பிறகு கரைந்து வெறும் காற்றாகிக்கொண்டிருந்தது.

கோட்டுச்சேரியில் உறவுக்காரர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா என்று பங்கஜவல்லி பஸ் ஏறினாள். நல்ல சமயம் என்று பஞ்சநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தார். மாம்பழம் எங்கே என்று பெண்டாட்டியிடம் கேட்ட புருஷன் ஊரை விட்டே ஓடிப்போன ஊர் இது. அடுக்களைக் கணக்கில் கை வைப்பதற்கு முன்னால் காரைக்கால் ஆண்பிள்ளைகள் ஒரு தடவை யோசிப்பார்கள். பஞ்சநாதன் பிறந்தது நன்னிலம் பக்கம். யோசிக்கவில்லை.

பரணிலிருந்து பெரிய பித்தளை அடுக்கை இறக்கி முதலில் வைத்தார். அடுத்து தவலை. அடுத்து குண்டான். அதற்குப் பின்னால் சட்டி, கிண்ணம், கரண்டி. கடைசியில், சுவரோரமாக, காபி வடிகட்டி. இறங்கு வரிசை. தினமும் காலையில் முதலில் தேடுகிற பொருள் கடைசியில் போய் உட்கார்ந்துவிட்டதே என்று அவருக்குத் தோன்றவில்லை. தள்ளி நின்று பார்த்தார். அழகாகத்தான் இருந்தது.

பிறகு ஒத்த உறுப்புகளைச் சேர்க்க வேண்டும். அதுதான் முறை. மூன்று எக்ஸும் நான்கு எக்ஸும் தனித்தனியாக நிற்பதில் என்ன நியாயம்? ஏழு எக்ஸ் என்று எழுதிவிட வேண்டும். அலமாரியில் ஒரு டப்பாவில் பாதி வெள்ளை மாவு. வாசல் கதவோரம் இன்னொரு டப்பாவில் பாதி வெள்ளை மாவு. இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டினார். டப்பா தளும்பியது. காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மனத்துக்குள் 'ஆகவே' என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை இடியாப்பம்.

முதல் வாயிலேயே நறநறவென்றது. பஞ்சநாதன் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். இடியாப்பம் அவரைத் திருப்பி மென்றதுபோல இருந்தது. எதிரே பங்கஜவல்லி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம்... உறுதியா இருக்கு."

"இருக்கும். பாதி கோல மாவு. கல்லை இடிச்ச மாவு."

அதே நேரத்தில் வாசலிலிருந்து பத்ருன்னிசாவின் குரல் வந்தது. "பங்கஜம், இங்க வந்து பாரு புள்ள! எங்க கோழியெல்லாம் உன் கோலத்தைத் திங்குது. தாமரையில ஒரு பக்கத்து இதழையே காணோம்!"

"தின்னட்டும்க்கா. அதுல பாதி அரிசி மாவு. எங்க வூட்டுக்காரங்க கோழிக்குக் கோலத்தையும், அவங்களுக்குக் கல்லையும் பங்கு போட்டுருக்காங்க."

பஞ்சநாதன் தண்ணீர் குடித்தார். "பாக்க ரெண்டும் ஒண்ணா இருந்துது பங்கஜம். ஒத்த உறுப்புன்னு நெனைச்சேன்."

"நீங்கதானே சொன்னீங்க? எழுத்து ஒண்ணா இருந்தா பத்தாது, அடுக்கும் ஒண்ணா இருக்கணும், எக்ஸையும் எக்ஸ் ஸ்கொயரையும் கூட்டக் கூடாதுன்னு? அரிசி மாவு அலமாரி அடுக்கு. கோல மாவு வாசப்படி அடுக்கு. அதை ஏன் கூட்டுனீங்க?"

அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. வரவில்லை. வருஷம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்தியும் ஒரு பையன் மண்டையில் ஏறாத விஷயம். காபி ஆற்றும் நேரத்தில் காதில் விழுந்ததை இவள் பிடித்து வைத்திருக்கிறாள். பெருமையாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு வாய் இடியாப்பம் போட்டுக்கொண்டார். பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்று மத்தியானம் கடல் காற்று எழுந்தது. வயிற்றில் கல்லும் கண்ணில் தூக்கமுமாகச் சாய்வு நாற்காலியில் கிடந்தார் பஞ்சநாதன். ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது.

கனவில் காரைக்காலே திட்ட வடிவத்தில் இருந்தது. கோட்டுச்சேரி பஸ்ஸில் குண்டானவர்கள் முதலில் ஏறினார்கள், பிறகு ஒல்லியானவர்கள், பிறகு குழந்தைகள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. கருக்களாச்சேரிக் கரையில் பெரிய விசைப்படகு முன்னால் நின்றது, அதற்குப் பின்னால் நாட்டுப் படகு, அதற்குப் பின்னால் கட்டுமரம், கடைசியில் ஒரு தேங்காய் மட்டை. மாங்கனித் திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேல் மாம்பழங்கள் பறந்து வந்தன. பெரிய பழம் முதலில், அப்புறம் நடுத்தரம், அப்புறம் பிஞ்சு. கடல்கூடச் சொன்ன பேச்சுக் கேட்டது. பெரிய அலை, சின்ன அலை, அதைவிடச் சின்ன அலை, அப்புறம் அசையாத தண்ணீர்.

"வாத்தியாரே, சரியா இருக்கா?" என்று கேட்டது கடல்.

"இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பஞ்சநாதன் வரிசை நெடுக நடந்தார். கால் தரையில் படவில்லை. வரிசையின் கடைசியில், எல்லாம் முடிந்து மணல் மட்டும் இருக்கிற இடத்தில், பங்கஜவல்லி தனியாக நின்றாள். முந்தானை மட்டும் காற்றில் ஆடியது.

"நீ ஏன் பங்கஜம் இங்க வந்து நிக்கிற?"

"நான் எங்கயும் வரலீங்க. நின்ன இடத்துலயேதான் நிக்கிறேன்" என்றாள்.

விழித்தபோது மனசு என்னவோ செய்தது. அவளைக் கூப்பிட்டு ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பள்ளிக்கூடத்து பியூன். சனிக்கிழமை சாயங்காலம் ஹெச்.எம். வீட்டுக்கு வருகிறாராம். கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டுத்தான் சாவி யாருக்கு என்று சொல்வாராம்.

நல்ல வார்த்தை மறந்துபோயிற்று.

"பங்கஜம்! சனிக்கிழமை சாயங்காலம் டிவி எனக்கு வேணும்!"

"சனிக்கிழமையா? முடியாதுங்க. அன்னிக்கு சிலோன் டிவியில படம். அஞ்சுகத்துக்கு வாக்குக் குடுத்துருக்கேன்."

அஞ்சுகம் கருக்களாச்சேரியிலிருந்து மீன் கூடையோடு வருகிறவள். அந்தப் படம் காரைக்கால் கொட்டகையில் ஓடியபோது அவளுக்குப் பிரசவ நேரம். அடுத்த தடவை வந்தபோது புயல். அதற்கப்புறம் படம் வரவே இல்லை. கூடையை இறக்கும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லுவாள், பாதி வரைக்கும். மீதி அவளுக்குத் தெரியாது.

"ஒரு படத்துக்காக என் சாவி போகணுமா?"

"ஒரு சாவிக்காக என் வாக்கு போகணுமா?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருந்தது. வீட்டில் அதைப்போல ஆபத்து வேறு கிடையாது.

சனிக்கிழமை காலை பல் விளக்கும்போது பஞ்சநாதனுக்கு வழி பிறந்துவிட்டது. தீர்ப்பை மெஷினே சொல்லட்டும். தன் பங்குக்குப் பெரிய அடுக்காக ஒன்றைப் போட்டுக்கொள்வது. அவள் பங்குக்கு ஏதோ ஒரு சின்னது. மெஷின் யாரை முன்னால் நிறுத்துகிறதோ அவருக்கு டிவி. மெஷினோடு யாராவது சண்டை போட முடியுமா? வாய் கொப்பளித்துவிட்டு வந்து சொன்னார்.

பங்கஜவல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரிங்க" என்றாள்.

இருபது வருஷம் குடித்தனம் நடத்திய மனிதன் அந்த 'சரிங்க'வைக் கேட்டதும் நடுங்கியிருக்க வேண்டும். பஞ்சநாதன் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சட்டைக்குப் பெட்டி போட்டார்.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. திருஞானசம்பந்தம் நாற்காலியில் உட்கார்ந்தார். பங்கஜவல்லி நீட்டிய கேசரியைக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. பாயில் பத்ருன்னிசா, எதிர் வீட்டு ராஜம், தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு அஞ்சுகம். அஞ்சுகம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் போடக்கூட இல்லை.

பஞ்சநாதன் கேசட்டை ஓடவிட்டார். கீ... க்ர்ர்ர்... பத்ருன்னிசா காதைப் பொத்திக்கொண்டார். சத்தம் அடங்கியதும் கறுப்புத் திரையில் அந்தச் சின்னக் கட்டம் கண்ணைச் சிமிட்டியது. பஞ்சநாதனுக்கு ஏ.சி. அறையில் நிற்பதுபோலவே குளிர்ந்தது.

ஹெச்.எம்.மிடம் வழக்கை விளக்கினார். "ஆகவே சார், மெஷின் யாரைச் சொல்லுதோ அவங்களுக்கு டிவி. நீங்கதான் சாட்சி."

"சபாஷ்" என்றார் திருஞானசம்பந்தம். "நடக்கட்டும்."

"எனக்கு ஒன்பது எக்ஸ் க்யூப். உங்களுக்கு நாலு எக்ஸ் ஸ்கொயர் சார்."

"எனக்குக் கொஞ்சம் கம்மியோ?"

"வீட்டுக் கணக்கு சார். ஸ்கூல் கணக்குல உங்களுக்குத்தான் க்யூப்." மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன போடட்டும் பங்கஜம்? தாராளமாக் கேளு. எக்ஸ் ஒண்ணு தரட்டுமா?"

"எக்ஸெல்லாம் எனக்கு எதுக்குங்க? வெறும் ஒண்ணு போடுங்க போதும்."

"வெறும் ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு."

பஞ்சநாதனுக்கு இரக்கமாகிவிட்டது. கனவில் மணலில் தனியாக நின்றவள் ஞாபகம் வந்தாள். ஜெயித்த பிறகு அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தட்டினார்.

1 + 4x² + 9x³

கட்டம் கண்ணைச் சிமிட்டியது. யோசித்தது. இருட்டிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்து நின்றன.

9x³ + 4x² + 1

"பாத்தீங்களா!" பஞ்சநாதன் கையைத் தட்டினார். "யார் முன்னால? நான்! யார் கடைசியில? அதோ, ஒரு ஓரமா!"

பாயில் ஒரு பெருமூச்சு. அஞ்சுகம் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "அப்ப நான் கெளம்புறேங்க்கா. பரவால்ல. இன்னொரு நாளு போடாமயா போயிடுவான்" என்றாள். முகத்தை யாருக்கும் காட்டவில்லை.

"ஒக்காரு அஞ்சுகம்" என்றாள் பங்கஜவல்லி. "கணக்கு இன்னும் முடியல."

"முடிஞ்சுது பங்கஜம். அதான் வரிசை வந்துட்டுதே."

"வரிசைதாங்க வந்துருக்கு. விடை எங்க?" ஹெச்.எம். பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார். பரீட்சையில ஒரு புள்ள எல்லாத்தையும் வரிசையா அழகா எழுதிட்டு, விடை எழுதாம பேப்பரைக் கட்டிக் குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

திருஞானசம்பந்தம் முப்பது வருஷம் பேப்பர் திருத்தியவர். நிமிர்ந்து உட்கார்ந்தார். "விடை இல்லாட்டி நான் மார்க் போட மாட்டேம்மா. சார், விடை வேணும்."

பஞ்சநாதன் சிரித்தார். பெரிய அடுக்குக்காரன் சிரிக்கிற சிரிப்பு. "விடைதானே? எக்ஸுக்கு ஒரு மதிப்புக் கொடுத்தா வந்துட்டுப் போகுது. நூறு கொடுத்தா நான் தொண்ணூறு லட்சம். ஆயிரம் கொடுத்தா, சொல்லவே வாய் வலிக்கும். நீ அப்பவும் ஒண்ணுதான் பங்கஜம். எக்ஸை நீயே சொல்லு, போ!"

"என்ன வேணா சொல்லலாமா?"

"என்ன வேணா."

"அப்பறம் செல்லாதுன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். ஹெச்.எம். சார் சாட்சி. சொல்லு. ஆயிரமா? லட்சமா?"

"பூஜ்யம்" என்றாள் பங்கஜவல்லி.

வெளியே ஆன்டெனாக் குழாயில் காற்று விசில் அடித்தது. பஞ்சநாதன் விரல் சாவிப் பலகைக்கு மேலே நின்றுவிட்டது. ஜன்னலில் மேகம் ஏதாவது போகிறதா என்று பார்த்தார். ஒன்றும் போகவில்லை.

"போடுங்க சார்" என்றார் திருஞானசம்பந்தம்.

போட்டார். பூஜ்யத்தின் கனம் பூஜ்யம். ஒன்பது பூஜ்யம் பூஜ்யம். ஒன்பது எக்ஸ் க்யூப் என்கிற அந்த மகா உறுப்பு, அத்தனை கம்பீரமாக முன்னால் நின்றது, சத்தமில்லாமல் இருட்டுக்குள் திரும்பிப் போயிற்று. அதன் பின்னாலேயே ஹெச்.எம்.மின் ஸ்கொயரும் போயிற்று. அகலமான கறுப்புத் திரையில் ஒன்றே ஒன்று மட்டும் நின்றது.

1

"யாரது?" என்று கேட்டாள் அஞ்சுகம்.

"நம்ம பங்கஜம்தான் புள்ள!" என்றார் பத்ருன்னிசா. "மத்த எல்லாம் காத்தாப் போச்சு!"

பஞ்சநாதன் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்ன இடத்துலயேதான் நிக்கிறேன் என்று அது சொல்வதுபோல இருந்தது. தோற்ற வருத்தத்தைவிட, அது எவ்வளவு அழகாக நிற்கிறது என்கிற எண்ணம்தான் அவருக்கு முதலில் வந்தது. கனவு காண்கிறவர்களைத் திருத்தவே முடியாது.

திருஞானசம்பந்தம் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மெஷின் பிரமாதமா ஓடுது சார். ஒரு பிசகு இல்ல. தன்னை ஓட்டுறவரே தோத்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுது பாருங்க. இளையபெருமாளா இருந்தா அவருக்குத் தோதா சொல்ற மாதிரி பண்ணிருப்பாரு. சாவி உங்களுக்குத்தான்."

சாவி! பஞ்சநாதன் அப்படியே மிதந்தார். குளிர்ந்த அறை, சாத்திய கதவு, வரிசை வரிசையாக இறங்கும் அடுக்குகள். மெய்மறந்து நின்ற அவருடைய கைக்கு அடியில் பங்கஜவல்லி கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கி ஆன்டெனா வயரைச் சொருகினாள். அவருக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் வாத்தியம் முழங்கிப் படத்தின் பெயர் ஓடத் தொடங்கியது. அஞ்சுகம் பாயில் முன்னுக்கு நகர்ந்தாள்.

"ஏங்க."

"ம்?"

"எக்ஸ் பூஜ்யமானா நீங்க காணாமப் போயிடுவீங்கல்ல?"

"ஆமா. அதான் விதி."

"காணாமப் போனவங்க டிவிக்கு முன்னால நின்னு மறைக்கலாமா? அப்படியே அடுக்களைப் பக்கமாக் காணாமப் போங்க. பெரிய அடுக்குல பால் காய்ச்சி வெச்சுருக்கேன். தேட வேணாம், நீங்க வெச்ச எடத்துலயேதான் இருக்கு, எல்லாத்துக்கும் முன்னால. எல்லாருக்கும் காபி கலந்து எடுத்துட்டு வாங்க."

பஞ்சநாதன் போனார். பெரிய அடுக்கு முதலில் நின்றது. வடிகட்டியை எடுக்க அதையும், தவலையையும், குண்டானையும், சட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கிவைத்துச் சுவர் வரைக்கும் கையை நீட்ட வேண்டியிருந்தது. முழங்கை வரை உள்ளே போயிருந்தபோது, கூடத்திலிருந்து ஹெச்.எம்.மின் குரல் கேட்டது.

"சார், எனக்குச் சர்க்கரை பூஜ்யம்!"